கோட்டுக்குப் பின்னால் சத்தம் கூடாது

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மானம் போனது. முழுசாகப் போகவில்லை, கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மகள் சுபிக்ஷா வில்வித்தை பழகும் ஹாலுக்குள் இன்றுதான் முதல் தடவையாகப் போனேன். இத்தனை நாளும் வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். இன்று ட்யூட்டி இல்லை, மேலேதான் போய்ப் பார்ப்போமே என்று ஏறினேன். அம்மாப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. முன்பு அது சாப்பாட்டு ஹால். கை கழுவும் தொட்டிகள் இன்னும் வரிசையாக அப்படியே இருக்கின்றன. இலை போட்ட இடத்தில் கோடு போட்டு, அந்தக் கோட்டில் பிள்ளைகள் வில்லோடு நிற்கிறார்கள். எதிர்ச் சுவரில் டார்கெட் பலகைகள்.

கோச் பெனிட்டா மேடம் இரண்டு விசில் கொடுத்தார். இரண்டு விசில் என்றால் பிள்ளைகள் கோட்டுக்கு வர வேண்டும், ஒரு விசில் என்றால் அம்பு விடலாம், மூன்று விசில் என்றால் போய் அம்பைப் பிடுங்கி வரலாம். இதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. ஜங்ஷனுக்கும் அயோத்தியாப்பட்டணத்துக்கும் நடுவே தனியார் டவுன் பஸ்ஸில் பாதி ஆயுளைக் கழித்த கண்டக்டருக்கு இரண்டு விசில் என்றால் ஒரே அர்த்தம்தான். வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது. “போலாம் ரைட்” என்று அடித்தொண்டையிலிருந்து ஒரு குரல். ஹால் முழுக்க எதிரொலித்தது. ஒரு பையன் கையிலிருந்த அம்பைக் கீழே போட்டுவிட்டான்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், சுபி தவிர. அவளுடைய காது மட்டும் சிவந்தது, பின்னாலிருந்தே தெரிந்தது.

மேடம் வந்து, இங்கே சத்தம் கூடாதுங்க சார் என்று ரொம்பத் தன்மையாகச் சொன்னார். தன்மையாகச் சொன்னதுதான் அதிகம் வலித்தது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொரு பெண்ணின் அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அவர் போன் அடித்தது. சாமிப் பாட்டு, முழு வால்யூமில். எடுத்து உட்கார்ந்த இடத்திலேயே பேசினார், ஏதோ பாத்ரூம் டைல்ஸ் பற்றி. அவரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் தெரியாமல் கத்தினவன், அவர் தெரிந்தே கத்துகிறார். நியாயம் எங்கே இருக்கிறது?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஒரு நாள் ட்யூட்டி, ஒரு நாள் ஓய்வு என்பது எங்கள் பஸ் கணக்கு. ஓய்வு நாள் சாயங்காலமெல்லாம் இனி ஹால்தான் என்று முடிவு செய்திருக்கிறேன். பத்தாவதோடு நிறுத்திக்கொண்ட எனக்கும் புதிதாக ஒன்று தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா?

இன்று பேசாமல் உட்கார்ந்து பார்த்தேன். இந்தப் பிள்ளைகளின் ஒழுங்கு வேறு மாதிரி. வில்லை இழுத்து நிற்கிறவரிடம் யாரும் பேசுவதில்லை. இன்னொருவர் வில்லைக் கேட்காமல் தொடுவதில்லை. தன் அம்பையெல்லாம் விட்டு முடித்தாலும், பக்கத்தில் இருப்பவர் நாணை இழுத்து நின்றால் கோட்டை விட்டு நகர்வதில்லை. வில்லை இறக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் விடுகிறவரை அப்படியே நிற்கிறார்கள். சுபி அப்படி நின்றதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. என் பஸ்ஸில் முன்னால் இறங்குகிறவருக்காக ஒருத்தர் அரை நொடி நின்று நான் பார்த்ததில்லை.

பிள்ளைகள் இப்படி. அப்பாக்கள் எப்படி? குணசீலன் என்று பேர், ஓமலூர் ரோட்டில் டைல்ஸ் கடை. அன்றைக்குச் சிரித்தவர். அவர் பெண் ரிதன்யாவும் சுபியும் ஒரே பலகையில் அம்பு விடுகிறவர்கள். இடது வரிசை சுபிக்கு, வலது வரிசை ரிதன்யாவுக்கு. இந்த மனிதர் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறார். பிரிப்பது என்றால் நிதானமாக, ஒவ்வொரு மடிப்பாக. பிள்ளைகள் நாணை இழுக்கும் நேரம் பார்த்து நொறுக்கென்று கடிக்கிறார். எனக்கும் நீட்டினார். வேண்டாம் என்றேன். அப்புறம் எடுத்துக்கொண்டேன், உப்பு சரியாக இருந்தது. அது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 20, புதன்

பஸ்ஸில் ஒரு பையன் போனில் சத்தமாக வீடியோ பார்த்தான். குறைக்கச் சொன்னேன். இது பஸ்ஸுங்களா கோயிலுங்களா என்று கேட்டான். ஹால் என்னைக் கெடுத்துவிட்டது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கீழே மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வரவேற்பு. நாதஸ்வரம், தவில், நடுவில் மைக்கில் ஒருவர் மொய் எழுதுமிடம் எங்கே என்று அறிவிக்கிறார். தரை அதிர்கிறது. இவ்வளவு சத்தத்திலும் பிள்ளைகள் ஒரு அம்பு தவறவிடவில்லை. சுபி முன்னைவிட நன்றாகவே விட்டாள். எனக்குத்தான் புரியவில்லை. ஒரு சிப்ஸ் கடிக்கிற சத்தம் கெடுக்கும், தவில் கெடுக்காதா?

குணசீலன் தாளம் போட்டுக்கொண்டே வீடியோ எடுத்தார். பிளாஷ் அடித்தது. தெரியாமல் அழுத்திவிட்டதாம். மூன்று தடவை தெரியாமல்.

இந்த மாதக் கடைசியில் என்று நினைத்திருந்த மாவட்டத் தேர்வு செப்டம்பர் 28க்குத் தள்ளிப் போயிருக்கிறது. மாநிலப் போட்டிக்கு நாலு பெண்கள் போகலாம். சுபிக்கு இந்த வயதுப் பிரிவில் இதுதான் கடைசி வருசம். வகுப்பில் டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூட மெதுவாகத்தான் எழுந்திருப்பாளாம், கேட்டால் பதில் வராதாம், ஒவ்வொரு பேரன்ட்ஸ் மீட்டிங்கிலும் இதே பாட்டு. இந்த ஹாலில் மட்டும்தான் அவள் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கிறேன். அந்த நாலு பேரில் ஒருத்தியாக வர வேண்டும் என்று வாய்விட்டு அவள் சொன்னதில்லை. சாமி அலமாரியில் தேதியை எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

எழுதும்போதே பேனா முனை தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்.

ரிதன்யாவின் அம்பு ஒன்று கை நழுவிக் கோட்டுக்கு முன்னால் விழுந்தது. வில்லை நீட்டி எடுக்க முடிந்தால் எடுக்கலாம், முடியாவிட்டால் அதை விட்டுவிட்டு வேறு அம்பு எடுக்க வேண்டும். யாரும், எதற்காகவும், கோட்டைத் தாண்டக் கூடாது. முதல் நாள் வந்த வாண்டுக்குக்கூடத் தெரிந்த சட்டம். குணசீலனுக்குத் தெரியாது. “இரு சாமி, அப்பா எடுத்துத் தர்றேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய், கோட்டைத் தாண்டிக் குனிந்தார். வரிசை முழுக்கப் பிள்ளைகள் நாணை இழுத்து நிற்கிறார்கள்.

மேடம் விசிலை நிறுத்தாமல் ஊதினார். எல்லாப் பிள்ளைகளும் அம்பை விடாமல் நாணை மெல்லத் தளர்த்தி வில்லை இறக்கினார்கள். ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளை விரல் நழுவி விட்டிருந்தால்? நினைக்கவே முடியவில்லை. சுபி அதற்கப்புறம் விட்ட அம்பெல்லாம் எங்கெங்கோ போனது.

நான் நேராகவே கேட்டுவிட்டேன், உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா என்று. விழுந்த பொருளை எடுப்பது தப்புங்களா என்று சிரித்தார். சிரித்தபடி வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு வெகுநேரம் அவர் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. பயமாக எல்லாம் இருக்காது. கொழுப்பு.

செப்டம்பர் 4, வியாழன்

பெனிட்டா மேடத்தைப் பார்த்து முறையிட்டேன். அந்த ஆளை உள்ளே விடக் கூடாது என்றேன். மேடம் கேட்டுக்கொண்டு, ஒருத்தரை மட்டும் நிறுத்த முடியாது சார், எல்லாருக்கும் பொதுவாக ஒரு போர்டு வைக்கலாம், நீங்களே எழுதிக் கொடுங்களேன் என்றார். நானா? பரீட்சையில் தமிழில் மட்டும் நல்ல மார்க் வாங்கினவன். சம்மதித்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ட்ரிப்புக்கு ட்ரிப்பு நடுவே எழுதினேன். முதலில் மூன்று விதி என்று நினைத்தேன். சிப்ஸ் கூடாது என்று எழுதினேன். முறுக்கு கொண்டு வந்தால்? முறுக்கு கூடாது. அப்புறம் கடிக்கும்போது சத்தம் வரும் எந்தப் பொருளும் கூடாது என்று மாற்றினேன். சாமிப் பாட்டு ரிங்டோன், பாத்ரூம் அளவு, பிளாஷ், தாளம், தன் பெண்ணுக்குப் பின்னால் நின்று முழங்கையை உயர்த்து என்று சைகை காட்டுவது, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தெரியாமல் செய்வது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் மொத்தமும் ஒரே மனிதரின் ஜாதகமாக இருக்கிறது. போட்டோ ஒட்டினால் போதும்.

செப்டம்பர் 8, திங்கள்

போர்டு வந்துவிட்டது. மேடம் நான் எழுதியதில் பாதிக்கு மேல் வெட்டிவிட்டார். கோட்டுக்குப் பின்னால் சத்தம் கூடாது. போனை அணைத்து வைக்கவும். யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான், நல்ல கொட்டை எழுத்தில். பெற்றோருக்கு என்று கடைசிச் சுவரோரம், தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பெஞ்ச். அதில் நானும் குணசீலனும் மட்டும். மற்ற அப்பா அம்மாக்கள் கீழேயே நின்று கதை பேசுகிறார்கள், புத்திசாலிகள்.

நான் எழுதாத ஒரு வரியும் போர்டின் அடியில் இருக்கிறது. “ச்சு கொட்டக் கூடாது.” யார் சொல்லிச் சேர்த்தார்களோ தெரியவில்லை. குணசீலன் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் ச்சு கொட்டி நான் கேட்டதில்லை, இருந்தாலும் கொட்டக்கூடியவர்தான்.

செப்டம்பர் 11, வியாழன்

உடையாப்பட்டி தாண்டி பஸ் நின்றுவிட்டது. பயணிகளை வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மெக்கானிக் வந்து, வீடு வந்து சேர நேரமாகிவிட்டது. இன்று சுபியை அழைத்து வருவதாக மனைவி வளர்மதியிடம் சொல்லியிருந்தேன். போன் செய்தால் அவள் சிரிக்கிறாள். குணசீலன் தன் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டாராம். தெருவிளக்கு எரியவில்லை என்று வாசல்வரைக்கும் கூட வந்தாராம். காபி குடித்தாராம். என் டம்ளரில்.

“அவரு ஒண்ணும் கெட்டவராத் தெரியலீங்களே” என்றாள் என் மனைவி.

வீட்டுக்கு வந்தால் எல்லோரும் நல்லவர்கள்தான், ஹாலுக்கு வந்து பார் என்றேன். என் குரலைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாராம், அந்த மாதிரிக் குரல் இருந்தால் கடையில் மைக்கே வேண்டாம் என்று. இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள நான் இளிச்சவாயனா?

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்றும் கீழே மேளம். சுபிக்கு மூன்றாவது அம்பு மட்டும் திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. அவளுடைய வரிசையில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று சின்ன வட்டங்கள். ஒரு சுற்றுக்கு மூன்று அம்பு, வட்டத்துக்கு ஒன்று. நடுவில் மஞ்சள், அதற்கு வெளியே சிவப்பு, அதற்கும் வெளியே நீலம். மஞ்சளில் பட்டால் நல்ல மார்க். அவளுக்கு மேல் வட்டமும் நடு வட்டமும் சரியாக விழுகிறது. கீழ் வட்டம் வரும்போது ஏதோ ஆகிறது.

வண்டியில் திரும்பும்போது அந்த மனிதரின் காலணி கீச்சிடுவதுதான் காரணம் என்று விளக்கிக்கொண்டு வந்தேன். அவள் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு முந்தின திருப்பத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

“அப்பா, மேளச் சத்தம் ஒண்ணும் பண்ணாது. அது என்னப் பாத்து அடிக்கல. ரிது அப்பா பேசறதும் ஒண்ணும் பண்ணாது, அவரு டைல்ஸப் பத்திப் பேசறாரு. ஆனா ச்சுங்கறது என்னப் பாத்துதானே?”

நான் யார் ச்சு கொட்டுகிறார்கள் என்று கேட்டேன். அவள் வண்டியிலிருந்து இறங்கி என் முகத்தைப் பார்த்தாள்.

“ரெண்டாவது அம்பு விட்டதும் ச்சு வரப்போகுதான்னு காது அங்கயே போயிருது. மூணாவது போயிருது. போட்டி அன்னிக்கு நீங்க வாங்கப்பா. ஆனா ஒண்ணுமே சொல்லாதீங்க. நல்லதா இருந்தாலும் சரி. என்ன ஆனாலும் சரி.”

சரி சாமி என்றேன். பொதுவாகச் சொல்கிறாள். பிள்ளைகளுக்கு இந்த வயதில் எல்லாமே பெரிதாகத் தெரியும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சும்மாதான், பல்வலி மாதிரி இருந்தது. சுபிக்கு மூன்று வட்டமும் மஞ்சள்.

செப்டம்பர் 20, சனி

குணசீலன் புதுப் பழக்கம் தொடங்கியிருக்கிறார். இரண்டு பெண்கள் விடுவதையும் பார்த்து, “ரெண்டும் மஞ்ச, ரெண்டும் மஞ்ச” என்று என் காதுக்குள் கிசுகிசுக்கிறார். போர்டைக் காட்டினேன். கிசுகிசு சத்தத்தில் சேராது என்கிறார். சட்டத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவர். என் பெண் மார்க்கை இவர் ஏன் எண்ண வேண்டும்? அவரவர் பெண்ணை அவரவர் பார்த்தால் போதாதா?

வளர்மதி கேட்கிறாள், கிராம்பு டப்பா ஏன் காலியாகிக்கொண்டே வருகிறது என்று.

செப்டம்பர் 27, சனி

நாளைக்கு. சுபி இரண்டு தோசைக்கு மேல் சாப்பிடவில்லை. நான் ஆறு.

செப்டம்பர் 28, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

தேர்வு எங்கள் ஹாலில்தான், மற்ற ஊர்களிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். நாமக்கல்லிலிருந்து ஒரு நடுவர். அவர் முதல் வேலையாக எங்கள் போர்டைச் சத்தமாக வாசித்தார், நான் எழுதியது என்று யாருக்கும் தெரியாது, இருந்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சத்தம் போடுகிறவர் யாராக இருந்தாலும் கீழே அனுப்பிவிடுவேன் என்றார். சத்தத்தால் கெட்ட அம்புக்கு மறு வாய்ப்பு கிடையாது, அதனால் பெரியவர்கள் பொறுப்பாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். குணசீலன் போனை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி அணைத்தார். சிப்ஸ் கொண்டு வரவில்லை. எனக்கே ஆச்சரியம்.

சாயங்காலம்வரை போனது. கடைசிச் சுற்று வந்தபோது முதல் மூன்று இடம் தெளிவாகிவிட்டது, வேறு ஊர்ப் பெண்கள். நாலாவது இடத்தில் ரிதன்யா. அவளுக்கு ஒரே ஒரு பாயிண்ட் பின்னால் சுபி. இன்னும் ஆளுக்கு மூன்று அம்பு. அவ்வளவுதான் மிச்சம். இரண்டு பேரும் ஒரே பலகையில், பக்கத்துப் பக்கத்தில். குணசீலனும் நானும் ஒரே பெஞ்சில், பக்கத்துப் பக்கத்தில். அவர் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு விசில். சுவரில் கடிகாரத்தின் சிவப்பு எண்கள் இறங்கத் தொடங்கின. சுபி வில்லை உயர்த்தி நாணை இழுத்தாள். அப்போது பெஞ்ச் கிரீச்சிட்டது. குணசீலன் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். பெஞ்ச் ரொம்பப் பழசு.

சுபி விடவில்லை. நாணைத் தளர்த்தி வில்லை இறக்கினாள். மூச்சை இழுத்து, மறுபடி இழுத்து, விட்டாள். மேல் வட்டம், மஞ்சள். அடுத்த அம்பு, இழுத்து, விட்டாள். நடு வட்டம், மஞ்சள்.

பிறகு வில்லை இறக்கிக் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கோட்டிலேயே நின்றாள்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. மூன்று தடவை இழுத்திருக்கிறாள், இரண்டு அம்புதான் போயிருக்கிறது. உடம்பு மூன்று என்று எண்ணிக்கொண்டுவிட்டது. முடிந்தது என்று நினைத்து, பக்கத்தில் ரிதன்யா இழுத்து நிற்பதால் நகராமல், தலையைக் குனிந்து மரியாதையாகக் காத்து நிற்கிறாள். இடுப்பு உறையில் அம்புகள் இருந்தன, ஆனால் மாற்று அம்பு எப்போதும் இருக்கும், அதை வைத்து அவளுக்குத் தெரியாது. எனக்குப் பலகை தெரிந்தது. அவளுடைய கீழ் வட்டம் காலியாக இருந்தது. நேரம் முடிவதற்குள் விடாத அம்புக்கு மார்க் பூஜ்யம்.

ரிதன்யா இரண்டாவது அம்பை விட்டாள். உறையிலிருந்து மூன்றாவதை எடுத்தாள். அதை நாணில் பொருத்தினாள். எங்கள் பலகைக்கு எதிரே அந்த நேரத்தில் யாரும் இழுத்து நிற்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். திறந்ததா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கிராம்பு நாக்கில் ஒட்டியிருந்தது. எண்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. ரிதன்யா வில்லை உயர்த்தினாள், இழுத்தாள், நாண் அவள் தாடையைத் தொட்டது.

குணசீலன் அதுவரை தன் மகளைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அப்போதுதான் பார்வை இந்தப் பக்கம் வந்தது. வந்த நொடியே எழுந்துவிட்டார்.

“சுபி கண்ணு, கீழ ஒண்ணு பாக்கி.”

ரிதன்யாவின் தோள் துள்ளியது. அவளுடைய அம்பு போய் நீலத்தில் குத்தியது. சுபி தலையைத் தூக்கினாள், பலகையைப் பார்த்தாள், அம்பை உருவிப் பொருத்தி, இழுத்து, விட்டாள். அதற்கப்புறம்தான் கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தது. கீழ் வட்டம், மஞ்சள்.

ஹால் முழுக்கத் திரும்பியது. பெனிட்டா மேடம் முதலில் என்னைத்தான் பார்த்தார். நடுவரும் என்னைத்தான் பார்த்தார். நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தவனைப் பார்க்கிறார்களே என்று.

“நான்தானுங்க” என்றார் குணசீலன். நடுவர் சொல்வதற்கு முன்பே கதவைப் பார்த்து நடந்தார். காலணி கீச்சிட்டது. ரிதன்யா திரும்பிப் பார்க்கவில்லை.

சுபி நாலாவது. ரிதன்யா ஐந்தாவது. பலகைக்குப் போய் இரண்டு பேரும் அம்புகளைப் பிடுங்கினார்கள். சுபியின் கீழ் வட்டத்து அம்பு ஆழமாகக் குத்தியிருந்தது, கைக்கு வரவில்லை. ரிதன்யா பலகையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் வந்தது.

எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை. இத்தனை நாளாக வேண்டாத நேரமெல்லாம் பேசின மனிதர், இன்று ஒரே ஒரு நாள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் அவர் பெண் மாநிலப் போட்டிக்குப் போயிருப்பாள். அவர் ஒன்றுமே செய்திருக்க வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். இப்படியும் ஒரு அப்பா உண்டா? இனி நான் இந்த மனிதரை எந்த முகத்தோடு திட்டுவது? திட்டாமல் எப்படி அந்தப் பெஞ்சில் உட்கார்வது? நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதற்கு இங்கே நாலு காரணம் எழுதினேன். விதி, சுபியிடம் கொடுத்த வாக்கு, இன்னும் இரண்டு. படித்துப் பார்த்து நாலையும் அடித்துவிட்டேன்.

சுபி உடை மாற்றிக்கொண்டு வருவதற்குள் நான் கீழே போனேன். காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பின் சீட்டில் ரிதன்யா, முகம் அந்தப் பக்கக் கண்ணாடியில். போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. நன்றி என்று சொல்லத்தான் போனேன். அந்த வார்த்தை டிக்கெட் கிழிக்கிற மாதிரி சின்னதாக இருந்தது, அதனால் சும்மா நின்றேன். அவரே பேசினார். பேசத்தானே செய்வார்.

“பாப்பாளுக்கு என் வாழ்த்தச் சொல்லிருங்க. என் புள்ளைக்கு என் மேல கோவம், நாளைக்குச் சரியாப் போயிரும். என்ன பண்றதுங்க, அந்தப் புள்ள ஒரு அம்ப வச்சுக்கிட்டு மறந்து நிக்குது. பாத்துட்டு எப்படிங்க பேசாம இருக்கறது?”

ஆமாங்க என்றேன்.

“நீங்க பக்கத்துலயேதானே இருந்தீங்க, கவனிக்கலீங்களா?”

“இல்லீங்க. கண்ண மூடிச் சாமியக் கும்பிட்டுட்டு இருந்தேன்.”

“அப்பன்னா அப்படித்தானுங்க” என்று என் தோளைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினார். கதவைச் சாத்தி, கண்ணாடியை இறக்கிக் கையசைத்தார். கார் தெருமுனை திரும்புகிறவரை நான் அங்கேயே நின்றேன். அந்த நேரம் முழுக்க ஒரே ஒரு வரிதான் தொண்டையில் இருந்தது.

உங்களுக்கு ரொம்ப முன்னாலயே நான் பாத்துட்டேனுங்க.